கூண்டுத் தோட்டத்தில் எனக்கு ஒரு தேதி

பினாங்கிலிருந்து என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பி வைத்தது கருப்பட்டி. எங்கள் முதலாளியின் மளிகைக் கடைக்கு வந்துகொண்டிருந்த சரக்கில் கொஞ்ச காலமாகச் சீனி கலந்திருந்தது. வாயில் போட்டதும் இனிக்கும். ஆனால் நாக்கில் நிற்காது. நான் சொன்ன பிறகுதான் முதலாளிக்கே தெரிந்தது. "உன் ஊர்ச் சரக்குதானே, நீயே போய் நல்ல ஆளாகப் பார்த்துப் பேசிவிட்டு வா" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு கப்பல் ஏறியவன். கடையின் பின்பக்கம் மூட்டைகளோடு இருப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எச்சில் வற்றிவிடும். வேறு எங்கே போகச் சொல்லியிருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். திருநெல்வேலி என்றதும் உடனே தலையாட்டினேன். கருப்பட்டிக்காக இல்லை. மருதடியை ஒருமுறை பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு வரவேண்டும் என்று வெகுநாள் ஆசை.

மருதடி நான் பிறந்த பேட்டை. ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு அங்கேதான். லாட்ஜுகள், அரிசி மண்டிகள், காலையிலிருந்து இரவு வரை கூட்டம். பஸ் ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றியதும் மண்டிகள் அதன் பின்னாலேயே போய்விட்டன. வசதி உள்ளவர்கள் புதுக் காலனிகளில் வீடு கட்டிக்கொண்டார்கள். போக முடியாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அந்த மிஞ்சியவர்களில் என் தங்கை பார்வதியும் அவள் வீட்டுக்காரர் நெல்லையப்பனும் உண்டு. அவருக்கு சைக்கிள் கடை.

மருதடிக்கு நடுவில் ஒரு பழைய பூங்கா. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் போட்டது. நடுவில் பறவைக் கூண்டு மாதிரி ஒரு இரும்பு மண்டபம். சனிக்கிழமை சாயங்காலம் அதற்குள் நின்று போலீஸ் பேண்டு வாசிப்பார்கள். அதனால் அதற்குக் கூண்டுத் தோட்டம் என்று பெயர். அம்மா காலமாகி நான் வந்து பார்த்தபோது கூண்டுக்குள் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மரத்தடியில் லாரிக்காரர்கள் ஒதுங்கினார்கள். உள்ளே ஆடுகள் மட்டும் நிம்மதியாக இருந்தன.

அதற்குப் பிறகு பதினைந்து வருடமாகப் பினாங்கில் யார் ஊரைப் பற்றிக் கேட்டாலும் "எங்க ஊர் செத்துப் போச்சு" என்று சொல்லிவந்தேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கடை மாடியில் நான் குடியிருக்கும் சின்ன அறை கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

ஆனி கடைசி வாரம் வந்து இறங்கினேன். நெல்லையப்பர் கோயில் தேர் நிலைக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது. வெயில் இருந்தது, மேற்கேயிருந்து குற்றாலக் காற்றும் இருந்தது. மாப்பிள்ளை சைக்கிளோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டு, "மச்சான், நீரு இன்னும் இளைச்சுத்தான் போனீரு. பினாங்குல சோறு போடுதாவளா இல்ல மோந்து பாக்கச் சொல்லுதாவளா?" என்று கேட்டார்.

தங்கை சுடச்சுட இட்லியும் நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடியும் வைத்தாள். கருப்பட்டிக் காப்பி தந்தாள். கலப்படம் இல்லாத கருப்பட்டி. நான் கொண்டுபோன தைலம், டார்ச் லைட், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். என் பழைய சட்டைகள் நான்கும் இருந்தன. மாப்பிள்ளை அவற்றை மரியாதையாக வாங்கிக் கட்டிலில் வைத்தார். அவர் உடம்பில் இருந்த சட்டை அவற்றைவிட நன்றாக இருந்தது.

"கூண்டுத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றார். நான் முகத்தைத் துக்கத்துக்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பிறகு தெரியவில்லை. கூண்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. அதைச் சுற்றி நந்தியாவட்டையும் அரளியும் வரிசையாக நின்றன. பன்னீர் மரத்தடி முழுக்க வெள்ளைப் பூ உதிர்ந்து கிடந்தது. கல் பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரம் எங்கும் கடைகள். டீக்கடை, பூக்கடை, தையல் கடை, ஒரு மருந்துக் கடைகூட. பூட்டிக் கிடந்த லாட்ஜின் கீழ்த்தளத்தில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"பரவாயில்லை" என்றேன். அடிவயிற்றில் ஒரு எரிச்சல். இட்லிப் பொடி காரம் என்று முதலில் நினைத்தேன்.

பினாங்கில் எங்கள் கடைக்குப் பின்னால் இதைவிடப் பெரிய பூங்கா ஒன்று உண்டு. நகராட்சி ஆள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தினமும் தண்ணீர் அடிப்பான். ஒரு இலை தரையில் கிடக்காது. "புல்லை மிதிக்காதீர்" என்று நான்கு மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் பூங்கா என்னோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

இங்கே என்ன நடந்தது என்பதை மாப்பிள்ளை சொன்னார். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆறு தோட்டத்துக்குள் ஏறி, இடுப்பளவு வண்டலைப் போட்டுவிட்டு இறங்கியது. அள்ளுவதற்கு அரசாங்கத்து ஆள் வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மிஷன் தெருவில் வேதமணி டீச்சர் என்று ஒருவர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருக்கும் தெரு அது. அந்த அம்மாள் தன் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்து வடக்குப் பக்கம் அள்ள ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் மேட்டுத் தெருவுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் இவர்கள் தெற்குப் பக்கம் இறங்கினார்கள். அதைப் பார்த்துப் பிள்ளையார் கோயில் தெரு. பிறகு ஆட்டோ ஸ்டாண்டு. பிறகு தையல்காரர்கள்.

"பொறாமைதான் மச்சான். வேற ஒரு உரமும் போடல" என்றார் மாப்பிள்ளை.

வண்டல் அள்ளி முடிந்ததும் யார் எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை வந்தது. கடைசியில் கோயில் மண்டகப்படி மாதிரி வைத்துக்கொண்டார்கள். திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு தெருவோ சங்கமோ ஏற்று நடத்துவதுதான் மண்டகப்படி. ஒரு நாளை ஒருவர் எடுத்துவிட்டால் அது தலைமுறைக்கும் அவருடையது. அதேபோல் மாதத்தில் ஆளுக்கு ஒரு தேதி. இங்கிலீஷ் தேதிதான் வேண்டும் என்று டீச்சர் வாதாடினாராம், கிறிஸ்துமஸ் நாளைப் பிடிக்கலாம் என்று. தமிழ்த் தேதி என்று முடிவாகிவிட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பிள்ளையார் கோயில் தெருவுக்கு ஒன்றாம் தேதி. டீக்கடை பாய்க்கு முப்பத்தொன்று. பாதி வருடம் அவருக்கு வேலையே இல்லை. மேட்டுத் தெருவுக்கு விழுந்தது பதினெட்டு.

"ஆடி பதினெட்டும் நமக்குத்தானவே!" என்றார் மாப்பிள்ளை. ஆடிப் பதினெட்டுக்கு மருதடியே ஆற்றங்கரையில் இருக்கும். அதோடு இந்த வருடம் அன்று சாயங்காலம் போலீஸ் பேண்டு கூண்டுக்குள் வாசிக்கப் போகிறது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. பேண்டுக்காரர்களுக்கு மாலை போடுவது, வந்தவர்களுக்குச் சித்திரான்னம் கொடுப்பது எல்லாம் மேட்டுத் தெரு உரிமை. மாப்பிள்ளை கூண்டின் ஒவ்வொரு கம்பியையும் சைக்கிள் ரிம் துடைக்கிற மாதிரித் துடைத்து வைத்திருந்தார். அவர் பேசப் பேச, நான் பினாங்குக்குத் திரும்பிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். திரும்பும்போது தங்கைக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு, குறுக்கு வழியாகத் தோட்டத்துக்குள் வந்தேன். வடக்குப் பக்கம் ஒரு செண்பகக் கன்று தலை தொங்கி நின்றது. கையில் தண்ணீர் இருக்கிறது. ஊற்றினேன். அவ்வளவுதான்.

"யாருவே அது? குடத்தை நிமித்தும்!"

வெள்ளைச் சேலை, கையில் குடை, நெற்றியில் ஒன்றும் இல்லை. வேதமணி டீச்சர்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் மிஷன் தெரு முழுக்கக் குடங்களோடு வந்தது. காலை ஜெபம் முடித்துவிட்டு அப்போதுதான் வருகிறார்கள்.

"இன்னைக்கு எங்க தேதி. எங்க தேதியில தண்ணி ஊத்த நீரு யாரு?"

"செடி வாடியிருந்தது..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வாடட்டும். எங்க தேதியில வாடுத செடிக்கு நாங்க பதில் சொல்லிக்கிடுதோம்."

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை கையில் கிரீஸோடு வந்தார். "டீச்சர், மச்சான் வெளிநாட்டுல இருந்து நேத்துதான் வந்தாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன், வெளிநாட்டுல அடுத்த வீட்டு அடுப்புல போயிச் சோறு பொங்குவாவளோ?"

மிஷன் தெரு சிரித்தது. பிறகு எல்லோரும் கூண்டுக்குள் கூடினார்கள். முன்பே இப்படி ஒரு வழக்கு வந்து முறை ஏற்பட்டிருந்தது. அடுத்தவர் தேதியில் தண்ணீர் ஊற்றினால், ஊற்றியவரின் தெரு தன் அடுத்த தேதியை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனி பதினெட்டு போய்விட்டது. மேட்டுத் தெருவின் அடுத்த தேதி ஆடி பதினெட்டு.

டீச்சர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. குடையை மெதுவாக மடித்தார். அதுவே போதுமாக இருந்தது. போலீஸ் பேண்டு, மாலை, சித்திரான்னம் எல்லாம் என் ஒரு குடம் தண்ணீரில் மிஷன் தெருவுக்குப் போய்விட்டன. மாப்பிள்ளை கையிலிருந்த கிரீஸைத் தன் நல்ல சட்டையிலேயே துடைத்தார்.

அன்று மத்தியானம் எனக்காகச் சொதி வைப்பதாக இருந்தது. தேங்காய்ப் பாலும் வாங்கிய காய்களும் அடுப்படியில் அப்படியே இருந்தன. பார்வதி பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். "அண்ணே, மோர் மிளகா போதும்லா?" என்றாள். போதும் என்றேன். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலையிலேயே உடன்குடிக்குக் கிளம்பிவிட்டேன். கருப்பட்டி வேலை இருந்தது. மருதடியை விட்டுத் தப்புவதும் ஒரு வேலையாக இருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் முருகனுக்கு முடி இறக்கப் போகும் குடும்பங்கள். என் பக்கத்தில் காலிக் கூடையோடு உவரிக்காரப் பெண் ஒருத்தி; மீனை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சங்கதி தெரியுமாவே? மருதடியில ஒரு பினாங்குக்காரன் வந்து மிஷன் தெருத் தேதியத் திருடிட்டானாம்."

"எப்படி?"

"மோட்டார் வச்சுத் தண்ணி அடிச்சுட்டானாம்லா. தோட்டமே மிதக்குதாம்."

"அடப் பாவி! மேட்டுத் தெருக்காரன் சொல்லிக் குடுத்துருப்பான். அவனுக்கு டீச்சர்னாலே ஆகாது."

கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, தண்ணிதான ஊத்துனாரு, வெந்நியா ஊத்துனாரு?"

கையில் இன்னொரு டார்ச் லைட் இருந்திருந்தால் அவளுக்கே கொடுத்திருப்பேன். ஆனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வாழைத் தோட்டங்கள் முடிந்து பனங்காடு ஆரம்பித்தது.

உடன்குடியில் ஒரு கொட்டகையில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய் நின்றேன். சிரட்டையில் ஊற்றி ஆறவைத்த கருப்பட்டியை உடைத்து ஒரு துண்டு தந்தாள். வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அது நாக்கை விட்டுப் போகவே இல்லை.

"சீனி கலக்க மாட்டீங்களே?" என்றேன்.

"சீனி கலக்கணும்னா எனக்குப் பனை என்னத்துக்கு அண்ணாச்சி? கரும்புக்காரனக் கட்டியிருப்பேனே" என்றாள். பனை மேலே இருந்த அவள் புருஷன் அதைக் கேட்டு அங்கிருந்தே ஏதோ பதில் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே கிண்டினாள். சரக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"மொதச் சிப்பத்த ஆனி முப்பத்திரண்டுக்குள்ள கட்டிருவோம்" என்றாள்.

"முப்பத்திரண்டா?"

"ஆமா. இந்த ஆனிக்கு முப்பத்திரண்டுல்லா. பினாங்குல எத்தன?"

வெகுகாலமாக இங்கிலீஷ் மாதத்தில் வாழ்ந்தவன் நான். தமிழ் மாதத்துக்கு முப்பத்திரண்டாம் தேதி உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அதுவும் எல்லா மாதத்திலும் வராது. வைகாசி, ஆனி, ஆடி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலோ இரண்டிலோ வரும். டீக்கடை பாயோடு தேதிகள் முடிகின்றன. அப்படியானால் முப்பத்திரண்டு யாருடையது?

திரும்பும்போது செய்துங்கநல்லூர் தாண்டி பஸ் நின்றுவிட்டது. பினாங்கில் பஸ் நின்றால் இன்னொரு பஸ் வரும். இங்கே கண்டக்டர் எங்களைப் பார்த்து, "ஆம்பிளைங்க எல்லாம் பைய எறங்குங்க" என்றார். இறங்கித் தள்ளினோம். "யாரு தேதியில தள்ளுதோம்னு கேட்டுக்கிடுங்கவே, பிறகு வம்பு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலி என்னைப் பற்றித்தான் என்று தெரியாமல் அவர்களும், தெரிந்து நானுமாக பஸ்ஸைத் தள்ளினோம். அது இருமிக்கொண்டு கிளம்பியது.

இருட்டுவதற்கு முன் மிஷன் தெருவுக்குப் போனேன். டீச்சர் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றேன். மணி அடிக்கவோ கூப்பிடவோ துணிவு வரவில்லை. அவராகவே பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன?"

"முப்பத்திரண்டாம் தேதி யாருக்கு?"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாருக்கும் இல்ல. அன்னைக்குச் செடிகளுக்கு உபவாசம்."

"எனக்குத் தாங்க."

"ஒங்க தெருவுக்கா?"

"இல்லை. எனக்கு."

"ஒத்த ஆளாவா? எத்தன செடி தெரியுமா? வேற ஒருத்தர் வெரல் பட்டாலும் அது திருட்டுதான்."

"தெரியும்" என்றேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆடிப் பதினெட்டைத் தொலைத்ததற்குப் பிராயச்சித்தம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். இந்த ஊரில் டீக்கடை பாய்க்குக்கூட ஒரு தேதி இருக்கிறது, எனக்கு இல்லை. மீதிப் பாதி அதுதான்.

மறுநாள் கூண்டுக்குள் பேசி முடித்தார்கள். ஒரே சிரிப்பு. "குடுங்கவே, மனுசன் முதுகு ஒடியட்டும்" என்றார் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர். "எடுத்தவருக்கு என்னைக்கும் அந்தத் தேதி. முறை எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று டீச்சரே சொல்லி முடித்தார். அந்தச் சொல்லை அவர் பிறகு நினைத்துப் பார்த்திருப்பார்.

முப்பத்திரண்டாம் தேதி கிழக்கு வெளுக்கும்போதே ஆற்றில் இறங்கினேன். இரண்டு பிளாஸ்டிக் குடம். படித்துறையில் ஏறி, தோட்டத்துக்கு நடந்து, ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். மூட்டை தூக்கிய உடம்புதான். ஆனால் மூட்டை அலம்பாது, தண்ணீர் அலம்பும். தெற்குப் பக்கம் முடிவதற்குள் வேட்டி முழங்கால் வரை நனைந்து காலைச் சுற்றியது.

சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தேர் பார்க்க வந்த மாதிரி. "அந்த அரளியை விட்டுட்டீரு!" "அது போன வருசம் வச்ச கன்னு, அதுக்கு ரெண்டு குடம் ஊத்தும்!" "பினாங்குல இப்படித்தான் நடப்பீயளோ, அன்னம் மாதிரி!" மாப்பிள்ளை ஒரு இடத்தில் உட்கார முடியாமல் சுவரோடு கூடவே நடந்து வந்தார். "பையப் போம் மச்சான், பைய, அங்கன பாசி இருக்கு."

பாசியில் வழுக்கினேன். குடம் ஒன்று உருண்டது. சுவரிலிருந்து பத்துப் பேர் குதித்து ஓடி வந்து, குடத்துக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். தங்கை நீட்டிய கையை மடக்கித் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நானே எழுந்து நானே எடுத்தேன்.

டீக்கடை பாய் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்தார். "டீ குடுக்கது உதவியில சேருமா?" என்று கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. டீ ஆளுக்குத்தான், செடிக்கு இல்லை என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். குடித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு சுவரில் கேலி குறைந்தது. நான் வடக்குப் பக்கம் போயிருந்தேன். அன்றைக்கு வம்பு இழுத்த செண்பகக் கன்றுக்கு ஊற்றும்போது பின்னால் மிஷன் தெருப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"எங்க தேதியில ஆளுக்கு ரெண்டு செடிதான் வருது. அதுலயும் மாமியா ஒண்ணைப் புடுங்கிக்கிடுதாவ."

"இவருக்குப் பாரேன். மொத்தத் தோட்டமும்."

குடம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. பினாங்கில் இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நடையில் வேண்டுமென்றே மெதுவாக ஊற்றினேன்.

பொழுது சாயும்போது கடைசியாகப் பன்னீர் மரத்துக்கு ஊற்றிவிட்டுக் கூண்டின் படியில் உட்கார்ந்தேன். கை இரண்டும் என்னுடையதாக இல்லை. டீச்சர் வந்து எதிரில் நின்றார். எல்லாத் தெருவும் பின்னால் கூடியது.

"ஐயா, ஒரு விசயம். ஆடிப் பதினெட்டை மேட்டுத் தெருவுக்கே திருப்பித் தந்திருதோம். பேண்டு, மாலை எல்லாம் அவங்களே வச்சுக்கிடட்டும். நீங்க இந்த முப்பத்திரண்டை எங்க தெருவுக்குக் குடுத்திருங்க. நீங்க எப்படியும் பினாங்கு போறவுக."

நியாயமான பேச்சு. நான் தொலைத்தது திரும்பி வருகிறது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.  பார்வதியின் கண் மட்டும் "சரின்னு சொல்லு அண்ணே" என்றது. மேட்டுத் தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது டீச்சர் திரும்பி அந்தச் செண்பகக் கன்றைப் பார்த்தார். ஏற்கெனவே தன்னுடையதாகிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"தரமாட்டேன்" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "அது என் தேதி. தரமாட்டேன்."

 காற்றில் பன்னீர்ப் பூ ஒன்றிரண்டு விழுந்தது. பேண்டை இரண்டாம் முறையும் தொலைத்துவிட்டேன், இனி தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன். மாப்பிள்ளை மெதுவாகத் தலையைத் தூக்கினார். முதலில் டீச்சரைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"கேட்டீயளா டீச்சர்? ஒங்க தெருவுல ஒரு தேதி. எங்க தெருவுல ரெண்டு!"

மேட்டுத் தெரு ஓவென்று கத்தியது. டீச்சர் குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. விரித்துக்கொண்டு நடந்து போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாப்பிள்ளை சொன்னார்: "பேண்டு போச்சேன்னு வயிறு எரியத்தான் செய்யுது மச்சான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா டீச்சருக்கு எரியுதது அதைவிட சாஸ்தி. அது போதும்."

அன்று ராத்திரி பார்வதி சொதி வைத்தாள். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்து, கை தூக்க முடியாத எனக்குத் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "அண்ணனுக்கு இம்புட்டு அழுத்தம் எங்க இருந்துச்சோ" என்றாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முன்பே பினாங்குக்கு வந்துவிட்டேன். பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் மாப்பிள்ளை ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். போலீஸ் பேண்டு வாசித்ததைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டுக்கு மேலே அவர் குரல்தான் அதிகம். "மச்சான், இப்பம் மிஷன் தெருக்காரங்க புளியோதரை குடுக்காவ. உப்பு பத்தல." கடைசியில் பேண்டு நின்ற பிறகு ஒரு வரி சொல்லியிருந்தார்: "ஒம்ம தேதிக்கு ஒண்ணும் கவலைப்படாதேயும். அடுத்த முப்பத்திரண்டுக்கு நான் ஊத்திருதேன்."

அந்த வரியைப் பலமுறை போட்டுக் கேட்டேன். நல்ல மனிதர். என் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார். ஆனால் சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, பன்னீர் மரத்துக்கு அவர் கையால் தண்ணீர் விழுவதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கடைக்குப் பின்னால் நகராட்சி ஆள் ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது அந்தப் பூங்காவைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. புதுப் பஞ்சாங்கம் வந்ததும் முப்பத்திரண்டு எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டேன்.

போன வாரம் உடன்குடிச் சரக்கு வந்தது. முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அருமை" என்றார். நானும் ஒரு துண்டு போட்டுக்கொண்டேன். அது நாக்கை விட்டுப் போகவே இல்லை.

"இல்லை முதலாளி" என்றேன். "சீனி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் சரிப்படும்."